பத்தாவது துளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஏறக்குறைய எந்தக் கல்லை எடுத்தாலும் அதில் கொஞ்சம் செம்பு இருக்கும். புவி மேலோட்டின் ஒரு டன் பாறையில் சராசரியாகச் சுமார் 50 கிராம். அதைப் பிரித்தெடுக்கும் செலவு செம்பின் விலையைவிடப் பல மடங்கு. அதே ஒரு டன்னில் 5 கிலோ இருந்தால் கதை வேறு. பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கங்கள் பல இந்தத் தரத்தை ஒட்டித்தான் இயங்குகின்றன. எங்கும் சிதறிக் கிடப்பதை இயற்கை நூறு மடங்கு செறிவாக்கி வைத்திருக்கும் இடமே கனிமப் படிவு. அந்த நூறு மடங்கைத் தேடுவதுதான் எங்கள் தொழில்.

சேர்த்து வைப்பது யார்? பெரும்பாலும் தண்ணீர். ஆழத்தில் சூடேறிய உப்புநீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியே மேலேறும்; குளிரும்போது சுமையை இறக்கிவைக்கும். 1979இல் பசிபிக் கடலடியில் கரும்புகைபோல் சீறும் வெந்நீர் ஊற்றுகளை ஆய்வாளர்கள் நேரில் கண்டார்கள். புகையாகத் தெரிந்தவை உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடுத் துகள்கள். கண்ணெதிரே தாது பிறந்துகொண்டிருந்தது! நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆறு பொன்துகளை வளைவுகளில் ஒதுக்குவதும், மழை பாறையைக் கரைத்து அலுமினியத் தாதுவான பாக்சைட்டை மிச்சம் வைப்பதும் அதே தண்ணீரின் வேலைதான்.

தேடுவோர் தடயத்தைப் பின்தொடர்கிறார்கள். ஓடை வண்டலில் செம்பு வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், மாதிரி எடுத்தபடியே ஓடையின் மேல்பக்கம் நடக்க வேண்டும். ஓரிடத்தில் அளவு சட்டென்று குறையும். அதற்குச் சற்றுக் கீழே, கரையின் இரு பக்கமும் பாறைகளைப் பாருங்கள். துருப்பிடித்த செம்பழுப்புப் பாறை கண்ணில் பட்டால் சுத்தியலை எடுக்கலாம்.

தாது மண்ணுக்கடியில் புதைந்திருந்தால்? அப்போது புவியீர்ப்பு, காந்த அளவீடுகளே கண்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளி ஒன்றில் இவ்விரண்டும் ஒருசேர உயர்ந்திருந்தன. தரையின்மேல் செம்பின் அடையாளமே இல்லை. 1975இல் முதல் துளையிட்டபோது, சுமார் 350 மீட்டர் வெற்றுப் பாறையைக் கடந்த பின்புதான் செம்பு தென்பட்டது. அடுத்த துளைகளில் பலவும் ஏமாற்றின. அங்கேயே நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தவில்லை. 1976இல் பத்தாவது துளையில் 170 மீட்டர் நீளத்துக்கு 2.1 சதவீதச் செம்பு! செம்பும் யுரேனியமும் தங்கமும் சேர்ந்த அந்தப் படிவுதான் ஒலிம்பிக் டேம். பிறகும் துளைமேல் துளையிட்டு, அளந்து, கணக்கிட்டு, 1988இல்தான் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது.