மணம் போன பிறகும் தங்கும் நஞ்சு

நேயர்களே, வணக்கம்.

சந்தையில் மீன் வாங்கும்போது அதன் பூவை, அதாவது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சிவந்திருந்தால் நல்ல மீன். அண்மையில், தொட்டியில் செத்து மிதந்த கொடுவாக் குஞ்சு ஒன்றின் பூவை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். சீப்புப் பற்கள் போல் வரிசையாக நிற்கவேண்டிய மெல்லிய தகடுகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேல்தோல் கழன்றிருந்தது. கிருமிநாசினியின் மிச்சம் இருந்தால் நிறம் காட்டும் சோதனை வில்லையைத் தொட்டி நீரில் கரைத்தோம், நீர் இளஞ்சிவப்பானது. கிருமியைக் கொல்ல நீரில் விட்ட ஓசோன் வாயுவின் மிச்சம்தான் குஞ்சுகளையும் கொன்றிருக்கிறது.

அந்தத் தொட்டியின் சொந்தக்காரரான மீன் வளர்ப்பாளர் கவனமில்லாதவர் அல்லர். ஓசோன் மணம் அடங்கும்வரை காத்திருந்துதான் நீரைத் திறந்தார். நன்னீரில் ஓசோன் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அவர் இறைத்ததோ கடல்நீர். அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைட்டு என்ற உப்புப் பொருள் உண்டு. ஓசோன் அதனோடு சேர்ந்து ஐப்போபுரோமசு அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஓசோன் மறைந்த பிறகும் அது நீரில் தங்கி நிற்கும். எங்கள் கரையோரக் கிணறுகள் பலவும் உவராகி வருகின்றன. கிணற்று நீர்தானே என்றும் இருந்துவிட முடியாது.

எவ்வளவு தங்கினால் ஆபத்து? வானவில் ட்ரவுட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1979இல் வெளியானது. நன்னீரில், லீற்றருக்கு 0.0093 மில்லிகிராம் ஓசோனே 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொன்றது. கொடுவாக் குஞ்சு பொரிக்கும்போது ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் நீளம்தான். பூ உருவாகாத அந்த நாட்களில் அது தோலால் மூச்சு விடுகிறது. பெரிய மீனுக்குப் பூவில் படும் காயம், இதற்கு உடம்பெல்லாம் படும்.

ஓசோனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விப்ரியோ பற்றீரியாவையும் குஞ்சுகளை அழிக்கும் வைரஸ்களையும் அடக்க அது அருமையான கருவி. ஆனால் அதைக் குஞ்சுத் தொட்டிக்குள் நேரே விடக்கூடாது. தனித் தொட்டியில் விட்டு, நீரைச் செயலூட்டிய கரிப் படுக்கையினூடாக வடியவிடுங்கள். எங்கள் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே செய்யப்படும் கரி அது; இலங்கை அதை ஏற்றுமதியும் செய்கிறது. அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேற்று மிச்சத்தை முறிக்கும்.

பிறகு சோதியுங்கள். கிணற்றில் குளோரீன் பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர் கரைக்கும் அதே வில்லை இதற்கும் உதவும். கண்ணுக்கு இளஞ்சிவப்புத் தெரிந்தாலே குஞ்சு தாங்கும் அளவு தாண்டிவிட்டது. நிறம் தெரியாதபோதும் நான் முழுதாக நம்புவதில்லை. அவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது. அந்த நீரை ஒரு வாளியில் எடுத்து, காற்றுக் குழாய் வைத்து, பத்துக் குஞ்சுகளை விடுங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, பக்கவாட்டில் சரிகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் பத்தும் இரைக்கு ஓடி வந்தால், தொட்டிக் குழாயைத் திறக்கலாம்.