காலா, பல்லா?

நடுவர் அவர்களே, அவையில இருக்கிற பெரியவங்களே, வணக்கம்.

"உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரஸ் பேர் சொல்லி நிற்கப்போவது காலா, பல்லா?"ன்னு தலைப்புக் கொடுத்து, என்னைக் கால் அணியில உட்கார வச்சிருக்கீங்க. எதிரணித் தலைவர் ஐயா பத்து நிமிஷம் பேசினார். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போனாக்கூட டாக்டர் அவ்வளவு நேரம் நம்ம வாயைப் பார்க்க மாட்டார்!

ஐயா சொன்ன கணக்கை நான் மறுக்கலை. 2010 நவம்பர்ல, நெதர்லாந்துல அயாக்ஸ் அணி கேப்டனா இருந்தப்போ, பி.எஸ்.வி. வீரர் பக்கால் தோள்ல ஒரு கடி. 7 ஆட்டத் தடை. 2013 ஏப்ரல்ல இங்கிலாந்துல லிவர்பூல் அணிக்கு ஆடும்போது செல்சியின் இவானோவிச் கையில ஒரு கடி. 10 ஆட்டம். 2014 உலகக் கோப்பையில இத்தாலியின் சியெல்லினி தோள்ல ஒரு கடி. 9 சர்வதேச ஆட்டத் தடை, கூடவே நாலு மாசம் கால்பந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாதுன்னு உத்தரவு. மூணாவது கடிக்கு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு அவர் முதல்ல கொடுத்த விளக்கம் இருக்கே... தடுமாறிட்டேன், முகம் போய் அவர் மேல இடிச்சுடுச்சு, எனக்குத்தான் பல்லு வலிக்குதுன்னார்! அப்புறம் சில நாள்ல மன்னிப்புக் கேட்டார். முதல் விளக்கத்துக்குக் கால் அணி பொறுப்பில்லைங்க.

இன்னொண்ணு. 2011ல மான்செஸ்டர் யுனைடெட்டின் பத்ரீஸ் எவ்ராவை நிறத்தைச் சொல்லிப் பேசினதுக்காக 8 ஆட்டத் தடை வாங்கினார். என்னைக் கேட்டா மூணு கடியையும் சேர்த்தாலும் அதுதான் கனமான தப்பு. அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது நாக்கு செஞ்ச தப்பு. எதிரணி அதை விட்டுட்டுப் பல்லையே பிடிச்சுத் தொங்கினதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் கேட்கிறது ஒரே கேள்வி. தடை முடிஞ்சு திரும்பி வந்த மனுஷன் என்ன பண்ணினார்? அதை ஐயா சொல்லவே இல்லையே!

இவானோவிச்சைக் கடிச்சதுக்கான தண்டனை 2013-14 சீசன் வரைக்கும் நீண்டுச்சு. முதல் அஞ்சு லீக் ஆட்டத்துல அவர் இல்லை. மிச்சம் 33 ஆட்டம், 31 கோல். கோல்கீப்பரை மட்டும் எதிர்ல வச்சு அடிக்கிற பெனால்டி அதுல ஒண்ணுகூட இல்லைங்க. அந்த டிசம்பர்ல நார்விச் அணிக்கு எதிரா ஒரே ஆட்டத்துல நாலு கோல் போட்டார். முதல் கோலை நினைச்சுப் பாருங்க. நாற்பது கெஜம் தள்ளி நிற்கிறார். பந்து தரையில குத்தி எழும்புது. இன்னொருத்தரா இருந்தா நெஞ்சில வாங்கி, நிறுத்தி, யாருக்குக் கொடுக்கலாம்னு நாலு பக்கம் பார்த்திருப்பார். இவர் எழும்பின பந்தை அப்படியே வாங்கி அடிச்சார். கோல்கீப்பர் ரடி பின்னாடி பின்னாடிப் போய்க் கை நீட்டுறார், பந்து அவர் தலைக்கு மேல ஏறி வலைக்குள்ள இறங்குது. அதே நார்விச்சுக்கு எதிரா ஏற்கெனவே ரெண்டு ஹாட்ரிக், அதாவது ரெண்டு தடவை ஒரே ஆட்டத்துல மூணு கோல், வச்சிருந்தவர், அன்னைக்கு மூணாவது. பாவம், நார்விச்காரங்களை அவர் கடிக்கவே இல்லை. ஆனா அவங்களைக் கேளுங்க, எது வலிச்சுதுன்னு!

அடுத்து சியெல்லினி கடிக்கான நாலு மாசம். அது முடிஞ்சு ஸ்பெயினோட பார்சிலோனா அணிக்கு ஆட வந்தார். அந்த சீசன்லயே லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூணும் வந்துச்சு. பெர்லின்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துல இத்தாலியின் யுவென்டஸுக்கு எதிரா அணியை முன்னே கொண்டுபோன ரெண்டாவது கோல் அவரோடது. அன்னைக்கு யுவென்டஸ்ல சியெல்லினி காயத்தால ஆடலை. எதிரணிக்கு எவ்வளவு ஏமாற்றமோ! சொல்லப்போனா, அந்தத் தடை ரொம்ப அதிகம்னு முதல்ல சொன்னவங்கள்ல கடி வாங்கின சியெல்லினியும் ஒருத்தர். கடி வாங்கினவரே விட்டுட்டார், ஐயா விடமாட்டேங்கறார். 2015-16ல லீக்ல 40 கோல். 2009-10ல இருந்து 2020-21 வரைக்கும் ஸ்பெயின் லீக்ல அதிக கோல் போட்டவர் பட்டத்தை மெஸ்ஸி, ரொனால்டோ ரெண்டு பேரைத் தவிர வேற ஒரே ஒருத்தர்தான் வாங்கினார். அது இவர். 2008-09ல வாங்கினவர் ஃபோர்லான், அவரும் உருகுவேக்காரர்! மொத்த ஜனத்தொகையே 35 லட்சம் பக்கம் இருக்கிற நாடுங்க. சுவாரஸ் பிறந்த சால்டோ ஊர்ல மூணே வாரம் கழிச்சுப் பிறந்தவர் எடின்சன் கவானி. அந்த ஊர்த் தண்ணியில என்ன கலக்குறாங்களோ.

சரி, கானா. எதிரணியில ரெண்டாவதா பேசின அம்மா, பல் போதாதுன்னு கையையும் இழுத்துட்டு வந்தாங்க. 2010 உலகக் கோப்பைக் காலிறுதி, ஜோகன்னஸ்பர்க், உருகுவேயும் கானாவும். 1-1. எக்ஸ்ட்ரா டைம் முடியப்போற கடைசி நிமிஷம். கோல் கோட்டு மேலயே சுவாரஸ் நிற்கிறார். கானாவின் அப்பியா அடிச்ச பந்து வருது. அதை அவர் காலால தடுத்தார். அம்மா இதைச் சொல்லலை! தடுத்த பந்து மேல எழும்புது, இன்னொரு கானா வீரர் அடியியா தலையால முட்டுறார். அதைத்தான் கையால தட்டினார். ரெட் கார்டு. பனியனால வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டே போறவர், வெளியேறும் வழியில நின்னு திரும்பிப் பார்க்கிறார். கானாவின் கியான் அடிச்ச பெனால்டி கிராஸ் பார்ல பட்டு மேல போகுது. அழுத மனுஷன் துள்ளிக் குதிக்கிறார். அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்ல உருகுவே ஜெயிச்சுடுச்சு. அந்தக் குதிப்பு எனக்கும் பிடிக்கலை. அதுவரைக்கும் ஆப்பிரிக்காவுல இருந்து எந்த அணியும் அரையிறுதிக்குப் போனதில்லை. அந்த வலி சாதாரணமில்லை. ஆனா விதிப்புத்தகம் என்ன விலை போட்டிருந்துச்சோ அந்த விலையை அவர் கொடுத்தார்: வெளியேற்றம், பெனால்டி, அடுத்த அரையிறுதியில ஆட முடியாமப் போனது. 2022 உலகக் கோப்பையில அதே கானாவை உருகுவே 2-0ன்னு ஜெயிச்சும், கோல் கணக்கு போதாம வெளியேறுச்சு. ரெண்டாவது கோலுக்குப் பந்து கொடுத்தவரே சுவாரஸ்தான். வெளியே வந்து பெஞ்சுல உட்கார்ந்து, சட்டையால முகத்தை மூடி அழுதார். கணக்கு அதோட நேராச்சுன்னு கானாக்காரங்களே சந்தோஷப்பட்டுட்டாங்க, அம்மா.

பல்லுக்கு அவர் வாழ்க்கையில வேற ஒரு வேலையும் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிற்கிறது. 2014 மே 22ல முழங்கால்ல ஆபரேஷன். ஜூன் 19ல சாவ் பாவ்லோவுல இங்கிலாந்துக்கு எதிரா இறங்கினார். நாலே வாரம்! முதல் கோல் தலையால. அது எங்க அணிக் கணக்குல வராது, ஒத்துக்கறேன். ரெண்டாவது வரும். 85-வது நிமிஷம், 1-1. உருகுவே கோல்கீப்பர் முஸ்லேரா அடிச்ச நீளப் பந்து லிவர்பூல்ல இவருக்கே கேப்டனா இருந்த ஜெரார்ட் தலையில உரசிப் பின்னாடி வருது. சுவாரஸ் ஓடிப்போய் வலது காலால விட்டார் பாருங்க, இங்கிலாந்து கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டுக்கு ஒண்ணும் செய்ய முடியலை. அந்தக் காலைத் தேத்திக் கொடுத்தவர் வால்டர் ஃபெரெய்ரான்னு உருகுவே அணியோட பிசியோதெரபிஸ்ட். அவரே அப்போ புற்றுநோய்ச் சிகிச்சையில இருந்தவர். கோல் போட்ட சந்தோஷத்துல சுவாரஸ் கை காட்டினது அவரைத்தான்.

33 வயசுல, 198 கோல் போட்டவரை, நீ வேண்டாம்னு பார்சிலோனாவோட புதுப் பயிற்சியாளர் ஃபோன்ல சொன்னார். இவர் அட்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனார். 21 லீக் கோல். 2021 மே 22, கடைசி ஆட்டம், வயாடோலிட் மைதானம். எதிராளி பின்னாடி தட்டின பந்தைப் பறிச்சு, தனியா ஓடி, இடது காலால தள்ளின கோல்ல அட்லெடிகோவுக்கு லீக் பட்டம். கொரோனா காலம், பார்வையாளர் வரிசை காலி. ஆட்டம் முடிஞ்சதும் புல்தரையில உட்கார்ந்து, ஃபோன்ல வீட்டாரைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார்.

2025 ஆகஸ்ட்ல மயாமி அணிக்கு ஆடினப்போ எதிரணி ஊழியர் மேல எச்சில் துப்பினதையும் சொன்னாங்க. ஆமாம், துப்பினார். 38 வயசுலயும் அந்த வாய் திருந்தலை. அதனாலதான் நான் காலைப் பத்திப் பேசறேன்!

மணி அடிக்கறீங்க, ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே. 2023, பிரேசில்ல கிரேமியோ அணி. 36 வயசு. முழங்கால் தேஞ்சு, எப்ப வேணும்னாலும் ஆட்டத்தை விட்டுடுவார்ங்கற நிலைமை. நவம்பர்ல, லீக்ல முதல் இடத்துல இருந்த பொட்டாஃபோகோ 3-1ன்னு முன்னாடி நிற்குது. இரண்டாம் பாதியில சுவாரஸ் மூணு கோல் போட்டார். 4-3. மூணு கடின்னு தேதியோட எழுதிட்டு வந்தாரே எதிரணித் தலைவர், அதே தாள்ல பக்கத்துல இந்த மூணையும் எழுதிக்கட்டும். பேனா வேணும்னா என்கிட்ட இருக்கு. உட்கார்றேன்.