வேளாண்மை வெட்டின பிறகு வா

நேயர்களுக்கு வணக்கம். காப்புறுதிக் கம்பனிகள் எப்படி வளர்கின்றன என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். காப்புறுதி என்றதும் வானொலியின் சத்தத்தைக் குறைக்கக் கை நீளும், அது எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக, என்னைத் தூரத்தில் கண்டதுமே படலையைச் சாத்தியவர்களைப் பார்த்தவள் நான். கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு என் கையில் படிவம் எதுவும் இல்லை.

2003இல் மட்டக்களப்பில் முகவராகச் சேர்ந்தேன். போர்நிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 1960களில் அரசாங்கம் தன் கையில் எடுத்த காப்புறுதித் தொழில், 1980களின் கடைசியில் தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. சண்டைக்குள் கிடந்த எங்கள் பக்கத்துக்கு அந்தக் கம்பனிகள் வந்து சேர இன்னும் காலம் எடுத்தது. வந்தவர்கள் பயிற்சி வகுப்பில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: புதுப் பொலிசி, புதுப் பொலிசி. முகவருக்கும் முதல் வருடக் கட்டணத்தில்தான் கமிஷன் அதிகம், பிறகு போகப் போகக் குறையும். அப்படியென்றால் அவர் என்ன செய்வார்? கையெழுத்து வாங்கியதும் அடுத்த வீட்டுக்குப் போவார். நானும் போனேன்.

சரி, மண்டூர்க் கதைக்கு வருகிறேன். இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன், கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போவது வழக்கம். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா இருந்தார். புருஷன் இல்லை, இரண்டு ஏக்கர் வயல். மார்ச் மாதம் நெல் விற்ற காசு கையில் இருந்தபோது என்னிடம் ஒரு பொலிசி எடுத்தார். மாதம் இவ்வளவுதான் பெரியம்மா என்று சொல்லி விற்றேன். சின்னத் தொகை காதுக்கு இனிமையாக இருக்கும் அல்லவா? கார்த்திகை மாதம் பொலிசி காலாவதியாகிவிட்டது என்று கடிதம் வந்தது. கடிதமும் இங்கிலீசில். அதை எடுத்துக்கொண்டு, மழைக்குள் நனைந்து போய் நின்றேன்.

பெரியம்மா ஏசவில்லை. உள்ளே போய், பன்புல்லில் இழைத்த ஒரு பன்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். கட்டிய ஆறு மாதத்துக்கும் ஆறு பற்றுச்சீட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, மடிப்புக் குலையாமல். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கவலையீனமாக விட்ட மனிசி இல்லையே இது!

“புள்ள, உழவுக் கூலி, விதைநெல், பசளை எல்லாம் இப்பதானே. மாசாமாசம் காசு கேட்டா நான் எங்க போற? வேளாண்மை வெட்டின பிறகு கிறுகி வா. முழுக் காசையும் ஒரேயடியாத் தாறன்” என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் தந்தார்.

திரும்பி வரும்போது பாதையில் நின்று யோசித்தேன். வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிற வசதி எங்கள் படிவத்திலேயே இருந்தது. பன்னிரண்டு மாதம் கட்டுவதைக் கூட்டிப் பார்த்தால் அதைவிட இது குறைவும்கூட. பெரியம்மாவிடம் அதை நான் கேட்கவே இல்லை. பிழை என்னுடையது. மார்ச்சில் போனேன். நிலுவையைக் கட்டி, உடல்நலம் பற்றிய ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டு, பொலிசிக்கு உயிர் கொடுத்தோம். அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத் தந்தார், எண்ணி எண்ணி.

அப்புறம் கிளையின் பழைய ஏடுகளை எடுத்து, எந்தப் பொலிசி எந்த மாதத்தில் நின்றுபோனது என்று பார்த்தேன். வாவிக்கு மேற்கே, வயல் செய்கிற படுவான்கரையில் விதைப்புக் காலம். வாழைச்சேனைப் பக்கத்து மீனவர்களுக்குக் கடல் கொந்தளிக்கிற மாரி மாதங்கள். சம்பளத்தில் கழிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. மேலாளரிடம் சொன்னேன், சிரித்தார். தலைமையகத்துக்கு மாதக் கணக்குத்தான் வேண்டுமாம். நான் கிளை மேலாளரான பிறகு முதலில் மாற்றியது இதைத்தான்: வெட்டின பிறகு போ. பிறகு பிராந்தியப் பொறுப்பு வந்தபோதும், வேறு கம்பனிகள் ஆலோசனைக்குக் கூப்பிட்டபோதும் சொன்னது இதுதான்: வெட்டின பிறகு போ. இரண்டாம் வருடமே நின்றுபோகிற பொலிசியால் கம்பனிக்கும் நட்டம், கமிஷன் கொடுத்த காசுகூடத் திரும்பாது. கட்டியவருக்கும் நட்டம், ஏனென்றால் பெரும்பாலும் மூன்று வருடமாவது கட்டினால்தான், இடையில் விட்டாலும் சரண் பெறுமதி என்று ஏதாவது கையில் வரும்.

நம்முடைய சனத்துக்குக் கட்டத் தெரியாது என்று கொழும்பில் ஒருவர் என்னிடம் சொன்னார். கட்டத் தெரியாதா? சீட்டுக் காசை யாராவது பிந்திக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் இருக்கிறதே, அது காப்புறுதி இல்லாமல் வேறென்ன?

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலடி, கல்லடி, அந்தப் பக்கம் கல்முனை, மருதமுனை. உடல் கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் இழப்பீடும் இல்லை. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய 2005இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அந்தக் குடும்பங்களோடு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வரிசையில் நானும் நின்றேன். காசோலை கிடைத்த வீடுகளுக்குப் பக்கத்து வீட்டார் பிறகு தாங்களாகவே கிளைக்கு வந்தார்கள். அவர்களிடம் நான் எதையும் விற்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். மேலாளர் கதிரையில் ஒரு பெண் இருந்த கதையையும் குறித்து வைத்திருந்தேன். வருகிறவர்கள், “ஐயா வரட்டும் மிஸ், இருக்கிறம்” என்பார்கள். “நான்தான் ஐயா” என்பேன். அவ்வளவுதான் நேரம்.

கடைசியாக ஒன்று, வேகமாகச் சொல்கிறேன். வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். நீரிழிவு, பிரஷர் இருந்தால் மறைக்காதீர்கள், முகவர் ‘இல்லை’ என்று போடச் சொன்னாலும் விடாதீர்கள். மறுகா, பின்னுரித்தாளி, அதாவது நீங்கள் இறந்தால் காசைப் பெறுகிறவர், என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பொலிசியில் காலமான அம்மாவின் பெயரே இன்னும் இருக்கும். கிளைக்குப் போனால் மாற்றித் தருவார்கள், அடையாள அட்டையைக் கொண்டு... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.