பெர்செபொனியை யார் கொடுத்தது?

நண்பர்களே, கிரேக்கப் புராணத்தில் உருப்படியான குடும்பம் ஒன்றைக் காட்டச் சொன்னால் திணறிப்போவோம். குரோனஸ் பெற்ற பிள்ளைகளையே விழுங்கினான். அகமெம்னான் கப்பலுக்குக் காற்று வேண்டி மகளைப் பலியிட்டான். நச்சு உறவுகளைப் பற்றி எழுத வருகிறவர்கள் அந்த வீடுகளுக்குள் நுழைவதில் வியப்பில்லை. ஆனால் ஸீயஸின் மகள் பெர்செபொனி கதையில் அவர்கள் பழியை இடம் மாற்றிவிடுகிறார்கள்.

ஹோமர் பெயரால் வழங்கும் துதிப்பாடல் சொல்வதைக் கேளுங்கள். பூப்பறிக்கும் பெர்செபொனியைப் பாதாள வேந்தன் ஹேடிஸ் தேரில் தூக்கிப் போகிறான். அவள் அலறுகிறாள். யாரை அழைத்து? தந்தையை, தேவர்களின் அரசன் ஸீயஸை! அவனோ தன் உடன்பிறந்தவனான ஹேடிஸுக்கே அவளைக் கொடுக்கச் சம்மதித்தவன். மகளிடமும் கேட்கவில்லை, பெற்றவள், விளைச்சலின் தெய்வம் டெமீட்டரிடமும் கேட்கவில்லை. (டெமீட்டரும் அவனுக்கு உடன்பிறந்தவள்தான். அந்த வீட்டு உறவுமுறையை விளக்கப்போனால் இன்று கூட்டம் முடியாது.) ஒன்பது நாள் அன்னம் தொடாமல் தீப்பந்தத்தோடு அலைகிறாள் தாய். பிறகு பூமியில் விளைச்சலையே நிறுத்துகிறாள். அதற்குப் பிறகுதான் ஸீயஸ் இறங்கி வருகிறான். மகள் திரும்புகிறாள். ஆனால் பாதாளத்தில் மாதுளை விதை தின்றுவிட்டதால் ஆண்டில் ஒரு பகுதியை அவள் அங்கேயே கழிக்க வேண்டும்.

இன்றைக்கு? 2018இல் தொடங்கிய 'லோர் ஒலிம்பஸ்' என்ற இணையச் சித்திரத் தொடரில் ஹேடிஸ் தனிமையில் வாடும் பணக்காரக் காதலன். டெமீட்டர் மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்து மூச்சுமுட்டச் செய்யும் அம்மா. காதலன் பக்கம் நின்று பார்த்தால் சரியான மாமியார்! வன்முறை அப்பல்லோ என்ற இன்னொரு தெய்வத்தின் தலையில் ஏறிவிடுகிறது. நடந்த கொடுமையைச் சொல்ல முடியாமல் அந்தப் பெண் திண்டாடுவதை நன்றாகவே வரைந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை.

2019இல் டோனி விருது வென்ற 'ஹேடிஸ்டவுன்' இசை நாடகம் எனக்கு இன்னும் நேர்மையாகப் படுகிறது. அங்கே ஹேடிஸும் பெர்செபொனியும் கசந்துபோன பழைய தம்பதி. குறித்த நாளுக்கு முன்பே வந்து மனைவியை அழைத்துப் போகிறவன் ஹேடிஸ். அதை அன்பு என்று அவன் நம்புகிறான். அவளோ குடியில் ஆறுதல் தேடுகிறாள்.

மாதுளை விதையைப் பாருங்கள். ஹேடிஸ் அதைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தான் என்கிறது துதிப்பாடல். தாயிடம் பேசும்போது மகள், "கட்டாயப்படுத்தி உண்ண வைத்தான்" என்கிறாள். புதுக் கதைகள் பலவற்றில் அவளே விரும்பித் தின்கிறாள். பெண்ணுக்குச் சொந்த முடிவு இருக்கட்டும் என்ற ஆசை புரிகிறது. அந்த ஆசையில் ஸீயஸ் தப்பித்துப் போகிறானே!

இந்தக் கதையைப் புதிதாக எழுதப்போகிறவர் இந்த அவையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து சம்பந்தம் பேசி முடித்த இடத்தைத் துதிப்பாடல் காட்டுவதே இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.