காரணங்கள் கூட்டுச் சேரும்போது

நண்பர்களே, "டாக்டர், இது எதனால வந்துச்சு?" என்று கேட்காத நோயாளி இல்லை. ஒரே ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நாமும் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்: பீடியால் வந்தது, கிருமியால் வந்தது, பரம்பரையாக வந்தது. அந்த ஒற்றைப் பதிலுக்குப் பின்னால் எவ்வளவு அநியாயம் ஒளிந்துகொள்ள முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) உறை போட்ட தொழிலாளர்களை இர்விங் செலிகாஃப், கைலர் ஹாமண்ட் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். 1979இல் அவர்கள் வெளியிட்ட நான்கு எண்களை மட்டும் சொல்கிறேன். எல்லாமே நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள், ஆண்டுக்கு லட்சம் பேருக்கு இத்தனை என்ற கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை என்றால் 11. ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் 58. புகை மட்டும் என்றால் 123. இரண்டும் சேர்ந்தால்?

602.

ஆஸ்பெஸ்டாஸ் தனியாக 47 சாவைக் கூட்டுகிறது. புகை தனியாக 112ஐக் கூட்டுகிறது. அடிப்படையான 11ஐயும் சேர்த்தால் 170 தானே வரவேண்டும்? மீதி 432 சாவுகள் இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் சந்தித்துக்கொண்டதால் நடந்தவை.

இப்போது அந்தத் தொழிலாளியின் மனைவி இழப்பீடு கேட்டு வந்து நிற்கிறார் என்று வையுங்கள். "உங்கள் கணவர் சிகரெட் பிடித்தாரே" என்று முதலாளி தரப்பு சொல்லும். சரி, கணக்கையே பார்ப்போம். அவர் போன்றவர்கள் புகைக்காமல் இருந்திருந்தால் 602 என்பது 58 ஆகியிருக்கும். நூற்றுக்கு 90 சாவு குறைந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி இல்லாமல் இருந்திருந்தால் 123 ஆகியிருக்கும். நூற்றுக்கு 80 குறைந்திருக்கும். 90ம் 80ம் 170. நூறைத் தாண்டுகிறதே என்று பதற வேண்டாம், கணக்கு சரிதான். இரண்டும் சேர்ந்தால் மட்டுமே நிகழும் சாவை எதை நீக்கினாலும் தடுத்திருக்கலாம் என்பதால், அது இரண்டு பக்கமும் எண்ணப்படுகிறது. இது பாகப்பிரிவினை இல்லை. அவர் பங்கு இவ்வளவு, ஆகவே என் பங்கு இவ்வளவுதான் என்று வெட்டிக் கொடுக்க முடியாது. அவர் புகைத்தார் என்பது தூசியின் பொறுப்பில் ஒரு சல்லிக்காசைக்கூடக் குறைக்காது.

இதைப் படமாக வரைந்து காட்டியவர் நோய்ப்பரவலியல் அறிஞர் கென்னத் ராத்மன், 1976இல். ஒரு வட்டம், அதில் பல துண்டுகள். எல்லாத் துண்டும் சேர்ந்து வட்டம் மூடினால் நோய். ஒன்று குறைந்தாலும் அந்த வழியாக நோய் வராது. அதே நோய்க்கு வேறு துண்டுகள் கொண்ட வேறு வட்டங்களும் உண்டு. இருபது வயதில் ஒரு துண்டு விழும், ஐம்பதில் இன்னொன்று. கடைசியாக விழுந்த துண்டுதான் நம் கண்ணில் படும். பழியும் அதன்மேல்தான் விழும்.

பரம்பரை நோய் என்று கைவிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற மரபணுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தையைக் கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கெடும். பிறந்தவுடன் ரத்தச் சொட்டில் கண்டுபிடித்து, ஃபீனைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்து வளர்த்தால் அந்தக் கேட்டைத் தடுக்கலாம். மரபணு மாறவில்லை, தட்டில் இருப்பதுதான் மாறியது.

அப்புறம், நமக்கு நெருக்கமான காசநோய். 1882இல் ராபர்ட் காக் கிருமியைக் காட்டினார். அது இல்லாமல் காசநோய் இல்லை. ஆனால் அது மட்டும் போதுமா? கிருமி உடலில் புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் வட்டம் மூடவில்லை. மூட வைக்கும் துண்டுகள் பசி, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., குடி, புகை.

இதில் பசியை நாம் நீண்ட காலம் ஒதுக்கி வைத்தோம். அதற்குச் சென்னையிலேயே ஒரு கதை உண்டு. 1950களின் பிற்பகுதியில் இங்கே நடந்த ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கி, பால், முட்டை, ஓய்வு எல்லாம் பெற்று மாத்திரை எடுத்த நோயாளிகளும், நெரிசலான வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டு மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகமே சானடோரியங்களை மூடுவதற்கு வழிகாட்டிய மகத்தான முடிவு அது. ஆனால் "அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை" என்ற தவறான பாடமும் கூடவே நுழைந்துவிட்டது. மாத்திரை எடுக்கிறவர் குணமாவது வேறு, யாருக்கு நோய் வெடிக்கிறது என்பது வேறு. இரண்டுக்கும் வட்டம் ஒன்றல்ல.

அந்தப் பிழையைத் திருத்தியது ஜார்க்கண்ட். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2023இல் வெளியானது. நோயாளிகளின் வீடுகளில் வசித்த சுமார் 10,000 பேர் அதில் இருந்தார்கள். ஒரு தொகுதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மறு தொகுதியில் குடும்பத்தாருக்கும்: பெரியவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். குடும்பமே உணவு பெற்ற வீடுகளில் புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்தது. அதே குறுகிய அறை, அதே இருமல், அதே கிருமி! யாரும் கிருமியைத் தொடவில்லை. பசி என்ற துண்டை மட்டும் எடுத்தார்கள்.

நோயாளிக்கு அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. நல்லது. குடும்பத்தாருக்கான உணவுப் பெட்டியோ கொடையாளர்கள் முன்வருவதைப் பொறுத்தே நிற்கிறது. 39 சதவீதம் நோயைத் தடுக்கும் ஒரு தடுப்பூசி கையில் இருந்தால், கொடையாளி வரட்டும் என்று காத்திருப்போமா? காசநோய் உறுதியான அன்றே அந்த வீட்டில் எல்லோருக்கும் எடை பார்க்க வேண்டும். மெலிந்திருப்பவர்களுக்கு அரிசியும் பருப்பும் ரேஷன் கடை வழியாகவே, உரிமையாக, போய்ச் சேர வேண்டும். இந்த மேடையிலிருந்து நான் கேட்பது அதைத்தான்.