மதிப்பெண் அட்டையில் அந்த இரண்டு வரி

(திரையில்: ஒரு மதிப்பெண் அட்டை. குறிப்புப் பகுதியில் "நன்று. மேலும் முயற்சி செய்க.")

வணக்கம். இந்த வரியை எழுதாத ஆசிரியர் உண்டா? நானும் எழுதியிருக்கிறேன். நாற்பது அட்டைகள், காலையில் கொடுத்தாக வேண்டும், மணி இரவு பதினொன்று. பாதி அட்டை தாண்டியதும் மூளை தூங்கிவிடும், கை மட்டும் எழுதிக்கொண்டே போகும்.

இந்த வரியில் தப்பாக ஒன்றும் இல்லை. அதில் எதுவுமே இல்லை, அதுதான் சிக்கல். மேலே இருக்கும் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். வகுப்பில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். எதில் முயற்சி, எப்படி முயற்சி? பிள்ளைக்கும் புரியாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் புரியாது.

சரி, ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 58.

(திரையில்: "கணக்கில் கவனம் தேவை.")

இதைப் பார்த்து அம்மா என்ன செய்வார்? "கவனமா போடு" என்று நாலு தடவை சொல்வார். வேறு என்ன செய்ய முடியும்? இப்போது அவளுடைய விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுவோம்.

(திரையில், வரி வரியாக: "பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும் நன்றாக வருகிறது. வாக்கியமாகக் கொடுக்கும் கணக்குகளில், என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே எண்களைக் கூட்டத் தொடங்கிவிடுகிறாள். 'கண்டுபிடிக்க வேண்டியது எது' என்று முதலில் ஒரு வரி எழுதப் பழகுகிறோம். வீட்டிலும் நினைவூட்டுங்கள்.")

அதே 58தான். ஆனால் இன்று சாயங்காலமே செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எது வருகிறது, எது எந்த இடத்தில் தட்டுகிறது, அடுத்து என்ன செய்யலாம். இந்த மூன்றும் இருந்தால் போதும், அழகான நடை எல்லாம் தேவையில்லை.

அப்புறம், பிள்ளையைப் பற்றி எழுதாதீர்கள், பிள்ளை செய்ததைப் பற்றி எழுதுங்கள். குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, 600க்கும் மேற்பட்ட முடிவுகளை அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது! கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்பினால் பின்னூட்டத்தின் பலன் குறையும் என்பது அவர்களுடைய விளக்கம்.

"சோம்பேறி" என்று எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் "கொடுத்த ஆறு வீட்டுப்பாடங்களில் இரண்டுதான் வந்தன" என்று எழுதலாம், அதை யாரும் மறுக்க முடியாது. நாம் சறுக்குவது பாராட்டில்தான். "புத்திசாலிப் பிள்ளை" என்று எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் 1998இல் முல்லரும் டுவெக்கும் செய்த சோதனைகளில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள், கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துவிட்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் முயன்றார்கள். "கட்டுரையை இரண்டு முறை திருத்தி எழுதினான், இரண்டாவதில் காரணங்கள் தெளிவாக வந்தன" என்பது பிள்ளையால் திரும்பச் செய்யக்கூடிய ஒன்று. புத்திசாலியாக இருப்பதை எப்படித் திரும்பச் செய்வது?

இன்னொரு சங்கடமான விஷயமும் உண்டு. ரூத் பட்லர் 1988இல் மாணவர்களைப் பிரித்து, சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் வாங்கியவர்கள். பக்கத்தில் மதிப்பெண் வந்து உட்கார்ந்ததும் குறிப்பின் பலன் போய்விட்டது. அட்டையிலிருந்து மதிப்பெண்ணை எடுக்க நம்மால் முடியாது. அதனால் நான் செய்வது இது: அட்டை கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே, எழுதியதை அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லிவிடுவேன். எண் இன்னும் வராதபோது காது திறந்திருக்கும்.

பெரிய பிரச்சினை ஏதாவது இருந்தால் அது அட்டைக்குப் போகவே கூடாது. முன்கூட்டியே போன் செய்து பேசிவிடுங்கள்.

(திரையில்: ஒரு சின்ன நோட்டு.)

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாரத்துக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி, கண்ணில் பட்டதைத் தேதியோடு குறித்து வையுங்கள். நாற்பது பேரும் பதினான்கு வாரத்தில் முடிந்துவிடுவார்கள். அப்புறம் அந்த இரவு பதினொரு மணிக்கு, நோட்டைப் பார்த்து எழுதினால் போதும். ஒருவருடைய குறிப்பை இன்னொருவருக்கு ஒட்டும்போது பழைய பெயரை மாற்ற மறந்து, பெற்றோர் முன்னால் நான் விழித்தது போல நீங்களும் விழிக்க வேண்டியிருக்காது.