திருமலை கேட்டதும் திருமலை பேசியதும்

அவையோருக்கு வணக்கம்.

நம் திருமலையிலிருந்து, அதாவது திருகோணமலையிலிருந்து, சென்னைக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வரும். அந்தக் கோடு முழுக்கக் கடலுக்கு மேலாகத்தான் போகும். குறுக்கே மலையும் இல்லை, காடும் இல்லை. மத்திய அலை வானொலிக்கு உப்புத்தண்ணீரை விட நல்ல பாதை கிடையாது. பொழுதுபட்டால் இன்னும் விசேஷம். பகலில் அலையை உறிஞ்சிவிடுகிற வளிமண்டல அடுக்கு இருட்டியதும் கலைந்துபோகும். அதற்கு மேலுள்ள அடுக்கு அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும். இந்த விஞ்ஞானம் ஒன்றும் படிக்காமலே நம் வீட்டுப் பெரியவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் றேடியோ முள்ளைத் திருப்பத் தொடங்குவார்கள். மெல்ல, நகம் அளவு நகர்த்தி, இரைச்சலுக்குள்ளே ஒரு குரல் பிடிபடும் வரைக்கும் மூச்சுவிடாமல் நிற்பார்கள்.

ஆனால் நமக்கு முதல் குரல் சென்னை அல்ல, கொழும்புதான். 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கிற்று. 1950இல் வர்த்தக சேவை வந்தது. அதற்கடுத்து நடந்ததுதான் சுவாரசியம். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் அதைச் சுருக்கிவிட்டார். பாட்டுக்கு ஏங்கிய கோடிக்கணக்கான இந்திய நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957 ஒக்டோபரில் விவித் பாரதி என்ற பாட்டுச் சேவையைத் தொடங்கித்தான் இந்தியா அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. அதற்குள் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஊறிவிட்டது. தமிழ்நாட்டுப் படப்பாட்டைத் தமிழ்நாட்டுக்கே கொழும்பிலிருந்து கொடுத்த காலம் அது. சின்ன நாடு என்ற கூச்சம் யாருக்காவது இருந்தால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட். இந்தப் பெயர்களைச் சொன்னதுமே முன்வரிசையில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி அம்மாவின் இதம், ஹமீட் அவர்களின் உச்சரிப்பு. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் வேறுபடுத்திச் சொல்ல எங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் கற்றதை விட அந்தப் பெட்டியிடம் கற்றது அதிகம். காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி தொடங்கினால் பிள்ளைகள் குளித்திருக்க வேண்டும், அது முடிவதற்குள் தலைவாரி முடிந்திருக்க வேண்டும். மணிக்கூடு இல்லாத வீட்டுக்கும் அதுதான் மணிக்கூடு.

பாட்டை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மரண அறிவித்தலைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அந்த நேரம் வந்தால் அடுப்படியில் அகப்பைச் சத்தம் நிற்கும். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று ஒரே தாளத்தில் வாசித்துக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார். திருகோணமலை என்ற சொல் வந்ததும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்ட வருவார்கள். அன்னாரின் கணவர் இன்னார், இன்னாரின் மாமியார் என்று உறவுகள் ஒவ்வொன்றாக விழ விழ, யாரென்று பிடிபடும். "ஐயோ, பாலையூற்றுச் சின்னம்மா!" என்று ஒரு குரல் எழும். அரை மணித்தியாலத்தில் யார் யார் முதல் பஸ் பிடிப்பது என்று முடிவாகிவிடும். தொலைபேசி இல்லாத ஊரில் சொந்தங்களைச் சேர்த்து வைத்தது அந்த அறிவித்தல். சினிமாப் பாட்டை விட அதற்குத்தான் நாம் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பேன்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் சேவை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு திறக்க வானொலி பாங்குக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பாங்கு கேட்டால், பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரப்போகிறது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வேலியருகே போய் நிற்பார்கள்.

சரி, படமாளிகைக்கு வருவோம். நெல்சன், சரஸ்வதி என்று சொன்னாலே இந்த ஊரில் ஐம்பது கடந்தவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படம் ஓடும். இளைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அன்றைக்குப் படம் என்பது கனமான பொருள். தகரப் பெட்டிகளில் றீல் வரும். ஆயிரம் அடி கொண்ட ஒரு சுருள் திரையில் ஓடுவது ஏறக்குறைய பதினொரு நிமிடம். ஒரு முழுப் படத்துக்கு எத்தனை சுருள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இரண்டு இயந்திரம் இருக்கும். ஒன்றில் சுருள் முடியப் போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி சட்டென்று தோன்றி மறையும். அது இயக்குபவருக்கு அடையாளம்: மற்ற இயந்திரத்தை ஓடவிடு. மறுபடி புள்ளி வந்தால் மாற்று. கலரியில் இருந்த பொடியன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புள்ளி தெரிந்தால் போதும், மாறுமுன்னமே விசில் அடிப்பார்கள். மாற்றம் பிசகித் திரை வெள்ளையாகிவிட்டால் அன்றைக்கு இயந்திர அறைக்குக் கிடைக்கும் அர்ச்சனை கோணேசருக்குக்கூடக் கிடைக்காது.

மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வருகிறவர்களுக்குப் படம் முடிவது முக்கியமில்லை, லாஞ்சி புறப்படுவதுதான் முக்கியம். கிண்ணியாக்காரருக்கு 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகுதான். உச்சக்கட்டச் சண்டை தொடங்கும்போது ஒரு வரிசை எழுந்து போகும். வில்லன் என்னவானான் என்று அடுத்த கிழமை சந்தையில் விசாரித்துக்கொள்வார்கள். சந்தையில் சொன்ன கதைதான் பல சமயம் படத்தை விட நன்றாக இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபின் இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் ஓடி ஓய்ந்த படம் இங்கே புதுப்படமாக வரும். ரசிகர்களுக்குக் கோபம்தான். ஆனால் அந்த வாசல் ஒடுங்கியபோதுதான் உள்ளூரில் ஒரு வாசல் திறந்தது. எழுபதுகளில் ஈழத்துத் தமிழ்ப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. பொப் இசை வந்தது. திருமலை வாய்திறந்து பேசியதும் அப்போதுதான்.

பரமேஸ், கோணேஸ் என்று இந்த ஊர்ச் சகோதரர்கள் கிற்றாரைத் தூக்கினார்கள். மெல்லிய காதல் பாட்டு, நம் பேச்சுக்கு நெருக்கமான சொற்கள். இசைத்தட்டாகவும் வந்தது, வானொலியிலும் ஒலித்தது. பக்கத்துத் தெருப் பையன்களின் குரல் கொழும்பு சுற்றி நம் வீட்டுப் பெட்டிக்குள் திரும்பி வந்தபோது இந்த ஊர் எப்படி நிமிர்ந்தது என்பதைக் கண்டவர்கள் இன்னும் சபையில் இருக்கிறார்கள். அதற்கடுத்து 1978. திருகோணமலையைச் சேர்ந்த மருத்துவர் எஸ். ஆர். வேதநாயகம் தயாரிக்க, எம். ஏ. கபூர் இயக்கி, 'தென்றலும் புயலும்' திரைக்கு வந்தது. நோயாளியைப் பார்க்கிற ஒரு மருத்துவர், சொந்தக் கையிருப்பை வைத்து முழுநீளப் படம் எடுக்கத் துணிந்தார் என்றால், அந்தத் துணிச்சலை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு நட்சத்திரங்களுக்கு எதிரே இந்தப் படங்கள் பணத்தில் நிற்கவில்லை. திரையில் நம் பேச்சு வழக்கு கேட்டது. எனக்கு அது போதும்.

நம் கடலும் ஒரு படத்தில் நடித்திருக்கிறது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் ஐம்பதுகளில் இங்கே சுழியோடியவர்கள். இங்கே கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலைக்கு அடியில் பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டவர்கள். அந்த மைக் வில்சன்தான் 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. அதன் நீரடிக் காட்சிகளில் தெரிவது நமது கடல். இந்த நாட்டுத் திரைக்கு வண்ணம் வந்த நாளில் திருமலைத் தண்ணீரின் நீலமும் கூடவே வந்தது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

எண்பதுகளில் இன்னொரு அதிசயம். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி, தன் ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்புகிற ஓர் அஞ்சல் நிலையத்தை இங்கே அமைத்தது. ஆசியா முழுவதற்கும் கேட்கிற பலம். நிலாவெளிப் பக்கம் போய்வருகிறவர்கள் அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊருக்குத் தெரியவில்லை, அரசாங்கங்களுக்குத் தெரிந்திருந்தது. 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களைப் படியுங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் கொடுக்கக்கூடாது, எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து சீர்செய்ய வேண்டும் என்கிற வரிசையிலேயே, இலங்கையிலுள்ள வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும், இராணுவத் தேவைக்கோ உளவுக்கோ பயன்படக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. துறைமுகம், எண்ணெய், வானொலி, மூன்றும் ஒரே கடிதத்தில். நம் தலைக்கு மேலே போன அலைக்கு அவ்வளவு பெறுமதி. அதில் திருமலைக்காரர் ஒருவர் திருமலைக்காரரோடு பேச மட்டும் ஒரு நிமிடம் இருக்கவில்லை.

யுத்த காலத்தை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. இங்கிருக்கிற எல்லோருக்கும் அது உடம்பில் இருக்கிறது. ஊரடங்கு இரவுகளில் இரண்டாம் காட்சி இல்லை. இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. சத்தத்தைக் குறைத்து, யன்னலைச் சாத்தி, பெட்டியைச் சுற்றி நாலு தலை. மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. நம் தெருக்கோடியில் நடந்ததை இலண்டன் சொல்லித்தான் நாம் உறுதிப்படுத்திக்கொண்டோம். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

தொலைக்காட்சி விரைவாகக் கடந்துவிடக்கூடிய கதை. 1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாஹினி. தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். நீளக் கம்பத்தில் அன்ரெனாவை ஏற்றி, ஒருவர் கூரைக்கு அருகில் நின்று திருப்ப, உள்ளேயிருந்து "இப்ப சரி, விடு, விடு!" என்று கத்துவோம். உண்மையான திருவிழா 'டெக்' என்கிற வீடியோ இயந்திரம்தான். சவூதி, குவைத் போய்வந்தவர்கள் கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தார்கள். படமாளிகைக்குக் கூட்டம் குறைந்ததற்கு யுத்தம் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். தொண்ணூறுகளின் கடைசியில் சக்தி, சூரியன் என்று தனியார் பண்பலை வந்தது. அதோடு முள்ளைத் திருப்பித் தேடுகிற வேலையும் போயிற்று.

இவ்வளவும் சொன்னது ஒரு காரியத்துக்காக. வெளியிலிருந்து நாம் கேட்ட குரல்கள் எங்காவது பத்திரமாக இருக்கும். இலண்டன் தன் குரலைப் பார்த்துக்கொள்ளும், சென்னை தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். நாம் பேசியவற்றை நாம்தான் பார்க்க வேண்டும். படமாளிகை நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாடக ஒலிப்பதிவு, வெளிநாடு போன பிள்ளைக்கு அம்மா பேசி அனுப்பிய கசெற், கோயில் திருவிழாவில் பதிந்த கச்சேரி. கடலோர ஊரில் இவற்றுக்கு ஆயுள் குறைவு. ஈரக்காற்றில் படச்சுருள் கெடத் தொடங்கினால் வினாகிரி மணக்கும். பெட்டியைத் திறந்ததும் அந்த மணம் வந்தால் மற்றச் சுருள்களிலிருந்து உடனே அதைத் தள்ளி வையுங்கள். கசெற்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஆசைக்காகக்கூட ஓடவிட வேண்டாம். ஒருதரம் ஓட்டினால் நாடா அறுந்துபோகலாம், ஒலிப்பதிவு இயந்திரத்தின் தலையும் பழுதாகும். தெரிந்தவர் சுத்தம் செய்து, கணினியில் ஏற்றிய பிறகு கேட்கலாம். அதுவரை வெயில் படாத, காற்றோட்டமான அலுமாரியில், நிமிர்த்தி வையுங்கள். மேலே பென்சிலால் யாருடைய குரல், எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

'தென்றலும் புயலும்' படத்தின் ஒரு நோட்டீஸ், ஒரு புகைப்படம், பரமேஸ் கோணேஸ் இசைத்தட்டின் ஓர் உறை, மட்டினி ரிக்கற்றின் கிழிந்த பாதி, எதுவானாலும் சரி, உங்கள் வீட்டில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னிடம் சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வீடு எங்கே என்று மட்டும் சொன்னால் போதும், நான் வருகிறேன்.